ஊதிப் பார்த்து வாங்கிய துணி

'கேம்பிங்' என்ற சொல்லை எங்கள் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியவர், ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர். அதுவரை எங்களுக்குக் கேம்ப் என்றால் இரண்டு வகைதான். ஒன்று ஆர்மி கேம்ப், மற்றது அகதிகள் கேம்ப். முதலாவதற்குப் பயந்து ஓடினால் இரண்டாவதற்குள் போய்ச் சேரலாம். காசு கொடுத்து, விருப்பப்பட்டு, மரங்களுக்கு நடுவே போய்ப் படுப்பதற்கென்று மூன்றாவது வகை ஒன்று உலகத்தில் உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

அக்காவும் அத்தானும் அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் என்னுடைய அனெக்ஸில் தங்கியிருந்தார்கள். நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க். அனெக்ஸ் என்பது வீட்டுக்காரம்மாவின் பழைய கார் கராஜ். அதில் ஒரு யன்னல் வெட்டி, யன்னலுக்கும் சேர்த்து வாடகை வாங்கிக்கொண்டிருந்தார். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் சத்தம் முழுவதும் உள்ளே வரும், காற்று மட்டும் வராது. அத்தான் ஊரில் விஞ்ஞான ஆசிரியர். எந்த வேலையானாலும் முதலில் அதன் தத்துவத்தை விளக்குவார். விளக்கி முடிந்ததும் வேலையைச் செய்ய அக்கா இருந்தாள்.

ஏஜென்ட் என்னுடைய ஒரே நல்ல கதிரையில் உட்கார்ந்து பாதையைச் சொன்னார். மொஸ்கோ வரை பிளேன். பிறகு வாகனம். பிறகு கொஞ்சம் நடை.

"இடையில ஒரு ரெண்டு மூண்டு நாள் கேம்பிங் மாதிரி இருக்கும், அண்ணை. வெள்ளைக்காரர் காசு குடுத்துச் செய்யிற விசயம்."

"எங்க கேம்பிங்?" என்று அக்கா கேட்டாள்.

"காட்டுக்கதான்."

"குளிராதோ?"

"குளிரும் அக்கா. அதுக்குத்தான் டவுன் குயில்ட் எண்டு ஒண்டு இருக்கு." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையின் பக்கத்தை எடுத்து விரித்தார். ஏரிக்கரையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி, மொத்தமான ஒரு செம்மஞ்சள் போர்வைக்குள் கழுத்துவரை புதைந்து, கையில் கோப்பையுடன் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பின்னால் யாரும் துரத்துவதாகத் தெரியவில்லை. "சுருட்டினா ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான் வரும். பெரிய பாக் கொண்டுபோக விடமாட்டாங்கள். வேணுமெண்டா நான் எடுத்துத் தருவன்."

எடுத்துத் தருவதற்கு அவர் சொன்ன விலையில் ஊரில் ஒரு கறவை மாடே வாங்கலாம். அதற்குப் பக்கத்தில் படுத்தாலும் குளிராது.

அத்தான் படத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது பெரிய விசயமில்லை. ரெண்டு துணிக்கு நடுவில தாரா இறகை வைச்சுத் தைக்கிறதுதான். சூடு வெளியில இருந்து வாறேல்லை, உள்ள இருக்கிற சூட்டைப் போக விடாம மறிக்கிறது. நாங்களே செய்வம்."

ஏஜென்ட் படத்தைத் திருப்பி வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்குத் தேவைப்படும் போலும்.

தாரா இறகுக்கு, அதாவது வாத்து இறகுக்கு, எங்கே போவது? கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி இருந்தாள். கத்தோலிக்கப் பெண். புருஷன் கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகத்தை ஒட்டிய மீன் குளிரறை ஒன்றில் மேற்பார்வையாளர். விசயத்தை அரைகுறையாகச் சொன்னேன். வெள்ளவத்தைத் தமிழர் எதையாவது அரைகுறையாகச் சொன்னால் மிச்சம் என்னவென்று கொழும்பில் எல்லாருக்கும் தெரியும்.

"அட, இதுக்கா யோசிக்கிறீங்க? எங்க ஆளுங்க குளிரறைக்குள்ள போட்டுட்டுப் போற ஜாக்கெட் எல்லாம் இறகு வச்சதுதானே. ஒருகொடவத்தையில மூட்டை கணக்கில விக்கிறாங்க. ரிஜெக்ட் சாமான்" என்றாள்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, ஐரோப்பியக் குளிர்காலம் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு என் அனெக்ஸுக்கு வந்து சேர்ந்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்துவிட்ட ஜாக்கெட்டுகள். ஒன்றுக்கு ஒரு கைதான் இருந்தது. ஒன்றுக்கு சிப் முதுகில் இருந்தது. முழுசாக இருந்த இரண்டை வழியில் போட்டுக்கொள்வதற்கென்று எடுத்து வைத்தோம். மிச்சத்தைப் பிரிக்கவேண்டும். முதல் ஜாக்கெட்டைப் பிரித்ததும் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி தன் வேலையைச் செய்தது. பறவையின் நெஞ்சுப் பக்கத்து மெல்லிய தூவி அது. காம்பே இல்லாத வெறும் பூ. பறந்ததைப் பிடிக்கக் கையை நீட்டினால் கை கிளப்பும் காற்றிலேயே அப்பால் போய்விடும். அக்கா யோசித்துவிட்டு, நுளம்பு வலையைக் கட்டி, அதற்குள் கட்டிலில் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். விசிறியை நிறுத்தி, யன்னலையும் சாத்தியாகிவிட்டது. சித்திரை மாத வெள்ளவத்தையில், மூடிய கராஜுக்குள், வலைக்குள், வியர்வை வழிய வழிய என் அக்கா குளிருக்கு ஆயத்தம் செய்தாள். அத்தான் வலைக்கு வெளியே இருந்து தத்துவத்தைத் தொடர்ந்தார்.

இனித் துணி. காலி வீதியில் அத்தான் முதலில் வாங்கியது பருத்திப் பொப்ளின்.

"பருத்தி மூச்சு விடும். உடம்புக்கு நல்லது" என்றார்.

மூச்சு விட்டது உண்மை. அது விட்ட ஒவ்வொரு மூச்சோடும் ஒரு தூவி வெளியே வந்தது. தைத்து முடித்த மறுநாள் காலை அக்காவின் தலை நரைத்திருந்தது. அத்தானின் மீசையிலும் இரண்டு. துணியை எந்தப் பக்கம் தட்டினாலும் இழைகளுக்கு நடுவால் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. வீட்டுக்காரம்மா வந்து, நாங்கள் உள்ளே கோழி வளர்க்கிறோமா என்று கேட்டார். கோழி வளர்ப்பதென்றால் தனி வாடகையாம்.

"துணி தரமில்லை" என்றார் அத்தான். தத்துவத்தில் பிழை வர வாய்ப்பே இல்லையென்று அவருடைய முகம் சொன்னது.

அடுத்தது குடைத்துணி. ஒரு பக்கம் வெள்ளி பூசிய கறுப்பு. தண்ணீரே போகாத துணியால் தூவி எப்படிப் போகும் என்பது அத்தானின் வாதம். போகவில்லைதான். காற்றும் போகவில்லை. நாலு பக்கமும் தைத்து மூடிய பிறகு அது ஒரு பெரிய அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. சோற்றுப் பார்சல் அளவுக்குச் சுருட்டுவதற்காக அத்தான் அதன்மேல் உட்கார்ந்தார். ஒரு மூலைத் தையல் விட்டுக்கொடுத்து நீளமாக ஒரு சத்தம் போட்டது. வீட்டுக்காரம்மாவின் யன்னலில் விளக்கு எரிந்தது. அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் குசினிப் பக்கம் ஓடிவிட்டாள். அவள் கொழும்புக்கு வந்து நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அத்தான் எழும்பிச் சாரத்தைச் சரிசெய்துகொண்டு, "இது எதிர்பார்த்ததுதான்" என்றார்.

அன்றைக்குத்தான் நான் பிரித்துப்போட்ட ஜாக்கெட் துணியை எடுத்துப் பார்த்தேன். இறகை இவ்வளவு நாளும் சிந்தாமல் வைத்திருந்த துணியே எங்கள் காலடியில் கிடந்தது. துண்டு துண்டாக வெட்டியதால் அதையே திருப்பித் தைக்கவும் வழியில்லை. மெல்லிய நைலோன். ஒரு பக்கம் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்ததுபோல் பளபளப்பு. வாயில் வைத்து ஊதினேன். காற்று கஷ்டப்பட்டு, ஆனால் மறுபக்கம் போனது. பொப்ளினை ஊதினேன், சும்மா போனது. குடைத்துணியை ஊதினேன், கன்னம் வலித்தது. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன்.

"நான் சொன்னதைத்தான் நீரும் சொல்லுறீர்" என்றார்.

புறக்கோட்டையில் தொழிற்சாலை மிச்சத் துணிகளை நிறுத்து விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் முஸ்லிம். வாசலில் நின்றவர் வரவேற்று உட்காரச் சொன்னார். உட்கார இடமிருக்கவில்லை, துணிதான் இருந்தது. நான் ஒவ்வொரு சுருளாக எடுத்து வாயில் வைத்து ஊத, அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, துணிய கையால பாக்குற ஆக்கள் இரிக்கி, கண்ணால பாக்குற ஆக்கள் இரிக்கி. நீங்க என்ன, புல்லாங்குழல் வாசிக்கிற மாதிரி?"

"இறகு அடைக்கிறதுக்கு."

"அப்ப இது சரி. எக்ஸ்போர்ட் குவாலிட்டி." அவர் காட்டியது திரைச்சீலைத் துணி. அதற்கு முன்பு நான் கையில் எடுத்ததும் எக்ஸ்போர்ட் குவாலிட்டி. அவர் கட்டியிருந்த சாரமும் கிட்டத்தட்ட எக்ஸ்போர்ட் குவாலிட்டி.

கடைசியில் கிடைத்தது. சரியான இறுக்கம், சரியான மென்மை, ஊதினால் அளவான மூச்சு. எல்லாவற்றையும் விட மலிவு. ஒரே ஒரு குறை, நிறம் பச்சை. இலைப் பச்சையோ கிளிப் பச்சையோ அல்ல. காலி வீதியில் மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கோடு நிற்பவர்கள் போட்டிருக்கும் பச்சை.

"அத்தான், இது வேண்டாம்."

"ஏன்? காட்டுக்கு இதுதான் பொருத்தம். எல்லையில நிக்கிற பொலிசுக்கும் தெரியாது. உருமறைப்பு எண்டு சொல்லுறது."

"காட்டுக்குப் போறதுக்கு முதல் கொழும்பைத் தாண்டவேணுமே."

கடைக்காரரும் தலையைச் சொறிந்தார். மலிவு ஏன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அத்தான் ஏற்கெனவே சுருளைக் கக்கத்தில் வைத்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் மாணவர்களின் பதிலைத் திருத்தியவரைக் கடைக்குள் வைத்துத் திருத்துவது லேசில்லை. அதைக் கத்தரிக்காய்க்கும் பிலாக்கொட்டைக்கும் அடியில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுவந்தேன். சோதனைச் சாவடியில் பையைக் கிளறிய பெண் பொலிஸ், கத்தரிக்காயில் புழு இருப்பதாகச் சொல்லி இரண்டைக் காட்டினாள். உண்மைதான், இருந்தது.

அக்கா தைத்தாள். இம்முறை எல்லாம் கூடிவந்தது. உள்ளே தூவி ஒரு பக்கம் ஒதுங்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தையல் போட்டாள். சுருட்டினால் சோற்றுப் பார்சல், விரித்தால் ஆள் நீளம். இனிச் சூட்டைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றார் அத்தான். கொழும்பில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் சாவதற்கு வெள்ளைக்காரன் காடு தேவையில்லை. குளிருக்கு எங்கே போவது? மறுபடி பக்கத்து மேசைதான்.

"மத்தியானம் வாங்க. சாப்பாட்டு நேரத்தில உள்ள யாரும் இருக்கமாட்டாங்க. அவர்கிட்ட சொல்றேன்" என்றாள் கொட்டாஞ்சேனைக்காரி. "ஆனா மீன் நாத்தம் அடிக்கும். பிறகு என்கிட்ட குறை சொல்லக்கூடாது."

அவளுடைய புருஷன் கனத்த கதவைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளைப் புகை. இறால் பெட்டிகளுக்கும் ஒரு பெரிய சுறாவுக்கும் நடுவே மரத்தட்டில் அத்தான் படுத்தார். தலையில் கம்பளித் தொப்பி. பச்சைப் போர்வையைத் தாடைவரை இழுத்துக்கொண்டார். அரை மணித்தியாலம் கழித்துத் திறக்கும்படி உத்தரவு. அவளும் புருஷனும் நானும் வெளியே வெயிலில் நின்று பால் விடாத பிளேன்ரீ குடித்தோம். கொஞ்ச நேரமாகியும் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் ஏதும் வராததால், போர்வை வேலை செய்கிறது என்று அவளுடைய புருஷன் சந்தோசப்பட்டார்.

அப்போதுதான் கடற்படைக்காரர் வந்தார்கள். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிட்டங்கிகளைச் சோதிப்பது அவர்களுடைய வழக்கம். அன்றைக்கு எங்கள் முறை. கதவைத் திறக்கச் சொன்னார்கள். அவளுடைய புருஷன், "உள்ளே மீன் மட்டும்தான்" என்று சிங்களத்தில் சொன்னார். அதைச் சொல்லியிருக்கவேண்டியதில்லை.

கதவு திறந்தது. இளம் சிப்பாய் ஒருவன் துவக்கை முன்னால் நீட்டியபடி புகைக்குள் எட்டிப் பார்த்தான். சுறாவுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை மூட்டை மெல்ல எழும்பி உட்கார்ந்தது. அதன் வாயிலிருந்து ஆவி வந்தது. "கவுத?", யாரது, என்று சிங்களத்தில் கத்தியபடி அவன் பின்னால் துள்ளியதில் எனக்கு முன்னால் நின்ற சிப்பாயின் காலை மிதித்துவிட்டான். எல்லாத் துவக்குகளும் ஒரே பக்கம் திரும்பின.

அத்தான் கைகளை உயர்த்தினார். அவருக்குச் சிங்களம் தெரியாது. வகுப்பறை ஆங்கிலத்தில், பற்கள் அடிக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "ஐ ஆம் டெஸ்டிங் த இன்சுலேசன்."

அந்த நாட்களில் தமிழர் சொன்ன விளக்கங்களில் இதைவிட உண்மையானது இருந்திருக்காது. இதைவிடப் பிரயோசனமற்றதும் இருந்திருக்காது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. அதற்குமேல் அவர்களுக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அத்தானையும், போர்வையையும், பக்கத்தில் நின்ற குற்றத்துக்காக என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கொட்டாஞ்சேனைக்காரி ஏறவந்தாள். அவளுடைய கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, அவளையும் புருஷனையும் நில்லுங்கள் என்றார்கள்.

இன்றைக்கு இதைச் சிரிப்பாகச் சொல்ல முடிகிறது. ஜீப்பில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போனவர் வெளியே வருவதற்கு அந்த நாட்களில் காரணம் தேவைப்படும். உள்ளே வைத்திருப்பதற்குத் தேவைப்படாது. எங்கள் லேனிலேயே ஒரு வீட்டில், விசாரணைக்கென்று போன மகனுடைய செருப்பைத் தாய் இன்னும் வாசலில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அத்தானின் கையைப் பிடித்தேன். மீன் பெட்டியைப் போல இருந்தது. போர்வை முழுதாக வேலை செய்யவில்லை என்பது அதிலிருந்தே விளங்கியது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் போர்வையை மேசையில் போட்டு, ஒரு விரலால் அமத்திப் பார்த்தார். அமத்திய இடம் மெல்ல எழும்பி வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"இது என்ன?"

"போர்வை, சேர்" என்றேன். கந்தோர்ச் சிங்களம் எனக்கு நன்றாக வரும்.

"யாருக்கு? காட்டில் இருப்பவர்களுக்கா?"

காட்டுக்குத்தான். ஆனால் அவர் நினைத்த காடல்ல. அதைச் சொன்னால் ஏஜென்ட், மொஸ்கோ, எல்லாம் வெளியே வரும். "அத்தானுக்கு. நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிறார். கேம்பிங்."

இன்ஸ்பெக்டர் அத்தானைப் பார்த்தார். கம்பளித் தொப்பி, மூக்கு நுனியில் நீர், சேர்ட் பொக்கற்றில் ஒரு சிவப்புப் பேனை. "யாழ்ப்பாணத்துக்காரர் கேம்பிங் போகிறார்" என்று பக்கத்தில் நின்ற சார்ஜன்டிடம் சொன்னார். நிலையம் முழுவதும் சிரித்தது. எங்கள் மேல் கோபம் இல்லாமல் அவர்கள் செய்த முதல் காரியம் அது.

பிறகு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கச் சொன்னார். வேண்டாம், சேர், வெட்டவேண்டாம், தையலைப் பிரித்துக் காட்டுகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜன்ட் கத்தியால் ஒரு இழு இழுத்தார். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் பனியைக் கண்டதில்லை. அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில், ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் கண்டேன். மேசையில், கோப்புகளில், அமைச்சரின் படத்தில், இன்ஸ்பெக்டரின் பிளேன்ரீயில், எல்லாருடைய வியர்வைக் கழுத்திலும் அது இறங்கி ஒட்டியது. மறியலுக்குள் நின்ற ஒருவர் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தும்மத் தொடங்கினார். தும்ம வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. விசிறியை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான்தான் எழும்பிப் போய் நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு எங்களை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பயங்கரவாதிகளிடம் கைப்பற்றிய சாமான் என்று எழுத, கையில் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அத்தானை இருத்திவைத்து, என்னை வெள்ளவத்தைக்கு அனுப்பி, வீட்டுக்காரம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவர் வந்து, நாங்கள் வாடகையை ஒழுங்காகக் கட்டுபவர்கள் என்று சாட்சி சொன்னார். எங்களைப் பற்றி அவருக்கு வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.

பொழுதுபடும் நேரம், விடுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"என்னுடைய மகன் படிக்க இங்கிலாந்து போகிறான். அங்கே சரியான குளிராம். இதுமாதிரி ஒன்று செய்ய முடியுமா? இந்த நிறம் வேண்டாம்."

முடியும் சேர் என்றேன். அவருடைய மகன் விசா எடுத்து, பட்டப்பகலில், வாசல் வழியாகப் போகிறான். அவனுக்கு ஒரு கட்டில் இருக்கும். அந்தக் கட்டிலுக்கும் நாங்கள் போர்வை தைக்கவேண்டும்.

வெளியே வந்ததும் அத்தான் சொன்ன முதல் வசனம்: "பச்சை வேண்டாமெண்டு நான் அப்பவே யோசிச்சனான்."

மறுபடி புறக்கோட்டை. பச்சையை ஒதுக்கிய பிறகு அதே இறுக்கத்தில் கடையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. ரோஸ் நிறம், அதன்மேல் பனியில் சறுக்கி விளையாடும் கரடிக்குட்டிகள். குழந்தைகளின் ஜாக்கெட்டுக்கு அடித்த துணி. அச்சுப் பிசகியதால் ஒவ்வொரு கரடிக்கும் கண்கள் முகத்துக்கு வெளியே, காதுக்குப் பக்கத்தில் மிதந்தன. அதனால் அது பச்சையை விட மலிவு.

"கண் இடம்மாறிக் கிடக்கு" என்றேன்.

"கரடிக்குக் கண் எங்க இருந்தா ஒங்களுக்கென்ன தங்கச்சி? போத்துனா தெரியுமா?" என்றார் கடைக்காரர். நான் ஊதிப் பார்த்தேன். குற்றம் சொல்ல முடியாத துணி. அவர் நிறுத்துக்கொண்டே கேட்டார்: "கோவிச்சுக்காதீங்க. ஒங்கட ஆக்கள் இன்னும் ரெண்டு பேர் வந்து இதுமாதிரித்தான் கேட்டாங்க. ஏன் எல்லாருமா கேம்பிங் போற?"

"இஞ்ச வெக்கை கூடிப்போச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு முழத்தைச் சும்மா சேர்த்து வைத்தார்.

அத்தான் கரடியைக் கண்டதும் சுவரோடு சாய்ந்தார். "நான் ஒரு பட்டதாரி" என்றார்.

"கரடிக்குத் தெரியாது" என்றாள் அக்கா. அவள் அதிகம் கதைக்க மாட்டாள். அன்றைக்குக் கதைத்தாள். "உங்கட பச்சையாலதான் என்ர தங்கச்சி பொலிஸ் ஜீப்பில ஏறினவள். இனித் துணியைப் பற்றி நீங்கள் கதைக்கவேண்டாம்."

அத்தான் கதைக்கவில்லை, ஒரு கிழமைக்கு. அந்த ஒரு கிழமையில் இன்னொரு மூட்டை ஜாக்கெட்டைப் பிரித்து, மூன்று போர்வைகளும் தைத்து முடிந்தன. இன்ஸ்பெக்டரின் போர்வையை எடுத்துப்போக ஒரு கான்ஸ்டபிள் வந்தார். கரடியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். நான் வெளிநாட்டு டிசைன் என்றேன். தலையாட்டிக்கொண்டு போனார். கேற்றில் பொலிசைக் கண்டு முதலில் கையெடுத்துக் கும்பிட்ட வீட்டுக்காரம்மா, எங்களுக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியுமென்று அன்று பின்னேரமே லேன் முழுவதும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யன்னலில் நின்று எங்களைக் கவனிப்பதைக் குறைத்துக்கொண்டார். வாடகை குறையவில்லை.

ஏஜென்ட் ஒரு விடியற்காலையில் வந்து இருவரையும் கூட்டிப்போனார். அக்கா போர்வைகளை இரண்டு சோற்றுப் பார்சல்களாகத் தோள்பையில் வைத்தாள். என்னைக் கட்டிப்பிடித்தபோது அவளுடைய கூந்தலில் ஒரு தூவி இருந்தது. எடுக்கவில்லை.

பல மாதம் ஒரு தகவலும் இல்லை. ஏஜென்ட்டைக் கேட்டால், "சேஃபா இருக்கினம், கேம்பிங்கிலதான்" என்பார். அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. மொஸ்கோவில் ஒரு தொடர்மாடி அறையில், எங்களுடைய ஆட்கள் ஒரு பட்டாளம், ஒருவரின் கால்மாட்டில் மற்றவரின் தலையாக. மூடிய யன்னல், சுவரோரம் கொதிக்கும் வெந்நீர்க் குழாய், வெள்ளவத்தையை விட வெக்கை. போர்வைகளைத் தலையணையாக வைத்திருக்கிறார்கள். காட்டில் கழிந்தது ஒரே ஒரு இரவு. அக்கா அந்த இரவைப் பற்றி இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. தங்களோடு வந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தியையும் போர்வைக்குள் எடுத்ததாகவும், பிள்ளை விடியும்வரை கரடியின் கண்ணைப் பிடுங்கப் பார்த்ததாகவும் மட்டும் சொல்வாள். அந்தப் பயணத்தில் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே சாமான் அந்தத் துணி என்பாள்.

ஜெர்மனியில் அகதி முகாமொன்றில் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்காரம்மாவின் தொலைபேசிக்கு அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஓடிப்போய் எடுத்தேன். அக்காவோடு அழுது முடிப்பதற்குள் அத்தான் வாங்கிவிட்டார்.

"எப்பிடி இருக்கிறீங்கள் அத்தான்?"

"அது இருக்கட்டும். இஞ்ச கடையில ஒரு குயில்ட்டைப் பிரிச்சுப் பாத்தன். கட்டத்துக்குக் கட்டம் நடுவில சின்னத் துணியால சுவர் மாதிரி வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் மேலால கீழால ஒண்டாத் தைச்சுப்போட்டீங்கள். அதால தையல் வழிய குளிர் வந்தது. நான் அப்பவே நினைச்சனான்."

வெளியே கேற்றைத் துவக்குப் பிடியால் தட்டும் சத்தம் கேட்டது. வீடு வீடாகப் பதிவு பார்க்க வந்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா வாசலிலிருந்து என்னுடைய அடையாள அட்டையைக் கேட்டுக் கையை அசைத்தார்.

"அத்தான், செக்கிங் வந்திருக்கு. நான் வைக்கிறன்."

"சரி, சரி. வைக்க முதல் ஒண்டு. அடுத்தமுறை தைக்கேக்க அந்தச் சுவரை மறக்காதையும்" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.